கடவுள், கட்சி, கோயில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாத்திகம், பொதுவுடைமை, கிறிஸ்தவ நம்பிக்கை ஆகிய மூன்றைப் பற்றியும் கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வன்னியிலிருந்து. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.

என் தாத்தா மலையகத்தில் செங்கொடிச் சங்கத்தில் இருந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறினார். ஊரில் எல்லோரும் அவரைத் தோழர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் மடுமாதாவின் ஆடித் திருநாளுக்குப் போகத் தவறமாட்டார். கம்யூனிஸ்ட் என்றால் கடவுள் இல்லை என்று சொல்லியாக வேண்டாமா?
*வாசகி, கிளிநொச்சி*

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கடவுள் இருக்கிறாரா என்பது ஒன்று. நிலமும் ஆலையும் யாருக்குச் சொந்தமாக வேண்டும் என்பது இன்னொன்று. இயேசு யார் என்பது மூன்றாவது. ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்ற இரண்டையும் தானாகவே தீர்த்துவிடுவதில்லை.

நாத்திகர் எல்லோரும் பொதுவுடைமைக்காரர் அல்லர். ஆபிரகாம் கோவூர் கேரளத்தில் மார்த்தோமா குருவானவரின் மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்தவர். அற்புதத்தை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபா என்று 1963 இல் சவால் விட்டார். பேயையும் சாமியாடலையும் சோதித்துப் பார்ப்பதே அவருடைய வேலையாக இருந்தது, சொத்துடைமையை மாற்றுவது அல்ல. அமெரிக்காவின் அயன் ராண்ட் கடுமையான நாத்திகர், அதே கடுமையோடு முதலாளித்துவத்தை ஆதரித்தவர். பெரியாரோ இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். பொதுவுடைமை அறிக்கையின் தமிழாக்கத்தை 1931 இல் தன் குடிஅரசு இதழில் வெளியிட்டு, அடுத்த ஆண்டு சோவியத் நாட்டுக்கும் போய்வந்தார்.

கட்சிக்குள் கடவுள் நம்பிக்கை இருக்கலாமா என்பதை லெனினே இரண்டு தடவை விரிவாக எழுதியிருக்கிறார். அரசைப் பொறுத்தவரை மதம் தனிமனிதர் விடயம், கட்சியைப் பொறுத்தவரை அப்படியல்ல, கட்சி உலகை அறிவியல் முறையில் விளக்கவேண்டும் என்பது 1905 இல் அவர் சொன்னது. ஆனால் அதே கட்டுரையில், கட்சித் திட்டத்தில் நாத்திகத்தை எழுதிவைக்க மறுக்கிறார். மறுமையில் சொர்க்கம் உண்டா என்பதில் ஒத்த கருத்தைவிட, இந்தப் பூமியில் சொர்க்கத்தைக் கட்டுவதற்கான போராட்டத்தில் ஒற்றுமை முக்கியம் என்பது அவர் காட்டும் காரணம். 1909 இல் இன்னும் ஒரு படி போகிறார்: ஒரு பாதிரியார் கட்சி வேலையை மனச்சாட்சியோடு செய்து, திட்டத்தை எதிர்க்காமல் இருந்தால் அவரைச் சேர்க்கலாம்; உள்ளே வந்து மதப் பிரசாரம் செய்வதே வேலையென்றால் வெளியேற்ற வேண்டும்.

இன்றைக்கும் கட்சிக்குக் கட்சி விதி வேறு. சீனக் கட்சி தன் உறுப்பினருக்கு மத நம்பிக்கையைத் தடைசெய்கிறது. கியூபாக் கட்சி 1991 மாநாட்டில் விசுவாசிகளுக்குக் கதவைத் திறந்தது. உங்கள் தாத்தா இருந்தது தொழிற்சங்கம். சம்பளத்துக்கும் லயக் குடியிருப்புக்கும் போராட ஞானஸ்நான அட்டையை யாரும் கேட்பதில்லை. அவர் முரண்பட்டு வாழ்ந்தார் என்று நாங்கள் நினைக்கவில்லை.

எங்கள் பங்கில் ஒரு மறையுரையில், "மதம் அபின்" என்று மார்க்ஸ் கிறிஸ்தவர்களைப் பழித்தார் என்றார்கள். அப்படியா?
*வாசகர், அடம்பன்*

அந்த வரியை மேடையில் திட்டுவோரும் மேடையில் முழங்குவோரும் பெரும்பாலும் அதற்கு முந்திய வரிகளை வாசிப்பதில்லை. 1844 இல் எழுதப்பட்ட அந்தப் பந்தி இப்படிப் போகிறது: மதத்துயர் என்பது ஒருபுறம் உண்மையான துயரின் வெளிப்பாடு, மறுபுறம் அந்தத் துயருக்கு எதிரான எதிர்ப்பு. மதம் ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு, இதயமற்ற உலகின் இதயம், ஆன்மாவற்ற நிலைமைகளின் ஆன்மா. அது மக்களின் அபின்.

அந்தக் காலத்தில் அபின் ஐரோப்பாவின் மருந்துக் கடைகளில் கிடைத்தது. நோவுக்கும் இருமலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் அதைக் கொடுத்தார்கள். ஆகவே மார்க்ஸ் இங்கே முதலில் பார்ப்பது நோயாளியின் வலியை. அதற்காக அவரை மதத்தின் நண்பராக்கிவிடவும் கூடாது. அடுத்த வரியிலேயே, பொய்யான மகிழ்ச்சியான மதம் ஒழியவேண்டும், மக்களுக்கு உண்மையான மகிழ்ச்சி வேண்டும் என்கிறார். வலி தீர்ந்தால் மருந்து தானாக விழுந்துவிடும் என்பது அவர் கணிப்பு. கிறிஸ்தவர் மறுக்கவேண்டிய இடம் அதுதான். துன்பம் இல்லாத மனிதருக்கும் கடவுளோடு உறவு உண்டு என்று அவர்கள் நம்புகிறார்கள்.

பெருமூச்சு, எதிர்ப்பு என்ற இரண்டு சொற்களையும் வன்னியில் விளக்கத் தேவையில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது கந்தசுவாமி கோயில் முன்றலில். பிள்ளையின் படத்தை மடியில் வைத்து அங்கே இருந்த தாய்மாரில் சைவக்காரரும் இருந்தார்கள், வேதக்காரரும் இருந்தார்கள். நேர்த்தி வைத்த கையால்தான் பதாகையையும் பிடித்தார்கள். செபம் போராட்டத்தை மழுங்கடிக்கும் என்று அவர்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. செபித்தால் போதும், தெருவுக்கு வரவேண்டாம் என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருந்தால், அந்த இடத்தில் மார்க்ஸின் கண்டனம் பொருந்தும்.

விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 2 ஆம், 4 ஆம் அதிகாரங்களை வாசித்து, எங்கள் அன்பியத்தில் (பங்கின் அயற்குடும்பக் குழுவில்) பொதுநிதி ஒன்று தொடங்கினோம். ஏழு மாதத்தில் உடைந்துவிட்டது. "அதுதான் கம்யூனிசம், சரிவராது" என்கிறார்கள். ஆதித் திருச்சபை கம்யூனிசம்தானா? எங்கே பிழைத்தது?
*வாசகர், முல்லைத்தீவு*

முதற் கேள்விக்கு: பகிர்வு ஒன்றுதான், பகிர்ந்த பொருள் வேறு. எருசலேமில் விசுவாசிகள் காணியையும் வீட்டையும் விற்று, காசைத் திருத்தூதரின் காலடியில் வைத்தார்கள். தேவைக்கேற்ப அது பகிரப்பட்டது. "ஒவ்வொருவரிடமிருந்தும் அவரவர் ஆற்றலுக்கேற்ப, ஒவ்வொருவருக்கும் அவரவர் தேவைக்கேற்ப" என்று 1875 இல் மார்க்ஸ் எழுதியதன் பின்பாதி திருத்தூதர் பணிகள் 4:35 இன் வாசகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. மறுபக்கத்தில், "உழைக்க மனமில்லாதவர் உண்ணலாகாது" என்ற பவுலின் வரி (2 தெசலோனிக்கர் 3:10) சோவியத்தின் 1936 அரசியல் யாப்பில் 12 ஆம் உறுப்புரைக்குள் போயிருக்கிறது.

வித்தியாசத்தை மார்க்சியவாதி ரோசா லக்சம்பேர்க் 1905 இல் காட்டினார். ஆதிக் கிறிஸ்தவர் பகிர்ந்தது நுகர்வுப் பொருளை, உற்பத்திச் சாதனத்தை அல்ல. உங்கள் கடற்கரையில் வைத்துச் சொன்னால்: பிடித்த மீனைப் பங்கிடுவது ஒன்று, படகும் இஞ்சினும் வலையும் தொழில் முதலாளியான சம்மாட்டி ஒருவருக்கா, தொழில் செய்யும் எல்லோருக்குமா என்பது வேறொன்று. விற்ற காணி விற்றதுதான், அடுத்த ஆண்டு அது விளைந்து தராது. எருசலேம் சபை பிறகு வறுமைப்பட்டு, பவுல் மற்றச் சபைகளில் காசு சேர்த்து அனுப்பவேண்டி வந்தது. உரோமைப் பேரரசர் கிளவுதியு காலத்துப் பஞ்சமும் ஒரு காரணம் (11:28). எல்லாப் பழியையும் பகிர்வின் மேல் போடுவது நியாயமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். காணி விற்ற காசில் ஒரு பகுதியை ஒளித்துவைத்து, முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிய அனனியாவிடம் பேதுரு, "விற்கும் முன் அது உன்னுடையதுதானே, விற்ற பிறகும் காசு உன் கையில்தானே இருந்தது" என்கிறார் (5:4). அவன் தண்டனை பெற்றது பொய்க்காக, காசை வைத்துக்கொண்டதற்காக அல்ல. மாற்குவின் தாய் மரியாவுக்கு 12 ஆம் அதிகாரத்திலும் சொந்த வீடு இருக்கிறது. ஆகவே அங்கே கட்டாயப் பறிமுதல் இருக்கவில்லை.

இனி உங்கள் நிதி. கடிதத்தில் நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் நான்கு இடத்தில் பிழைத்திருக்கிறது. உதவியும் கடனும் ஒரே பெட்டியிலிருந்து போயின. எல்லோருக்கும் ஒரே தொகை வைத்தீர்கள். கணக்கும் காசும் ஒருவரிடமே இருந்தன. கணக்கு ஆண்டு முடிவில்தான் வாசிக்கப்படும் என்று இருந்தது. இவற்றில் மூன்றுக்குப் புதிய ஏற்பாட்டிலேயே மருந்து இருக்கிறது. 1 கொரிந்தியர் 16:2 இல் வாரத்தின் முதல் நாளில், வருவாய்க்குத் தக்கபடி சேர்க்கச் சொல்கிறார் பவுல். மூன்றாம் வசனத்தில், காசைக் கொண்டுபோகிறவர்களைச் சபையே தேர்ந்து, அவர்களுக்குக் கடிதமும் கொடுக்கச் சொல்கிறார். 2 கொரிந்தியர் 8:20-21 இல், பெருந்தொகையைக் கையாளும்போது யாரும் குறைசொல்ல இடம் வைக்கக்கூடாது, கடவுள் முன் மட்டுமல்ல மனிதர் முன்னும் நேர்மை தெரியவேண்டும் என்கிறார். குருவானவரை நம்புகிறோம், கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த வசனத்தை வாசித்துக் காட்டுங்கள்.

திரும்பத் தொடங்குவதென்றால் இப்படிச் செய்யலாம். 20 பேர், ஆளுக்கு வாரம் சராசரி 200 ரூபா என்றால் நான்கு வாரத்தில் 16,000. அதில் கால்வாசி, 4,000 ரூபா, திருப்பிக் கேட்காத உதவிக்கு: மருந்து, செத்தவீடு, பிள்ளையின் கொப்பி. மிகுதி 12,000 கடனுக்கு, அல்லது சேர்த்துவைத்துப் பொதுவாக வலை வாங்குவதற்கு. இரண்டுக்கும் இரண்டு குறிப்பேடு. ஒரு கடன் கடன்நிதியின் மூன்றிலொரு பங்கைத் தாண்டக்கூடாது, தாண்டினால் ஒருவர் தவறியதுமே எல்லோரும் கட்டுவதை நிறுத்திவிடுவார்கள். காசு ஒருவரிடம், கணக்கு வேறொருவரிடம், வங்கியில் மூவரில் இருவர் கையொப்பம். மூவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. பங்குத்தந்தை பொருளாளராக வேண்டாம்: அவர் மாற்றலாகிப் போவார், அவரிடம் யாரும் கணக்குக் கேட்கவும் மாட்டார்கள். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கட்டுப்பணத்தை நிறுத்தாமல் 20 ரூபாவுக்காவது குறையுங்கள். நிறுத்தினால் பழக்கம் விட்டுப்போகும். கணக்கை ஒவ்வொரு மாதமும் சத்தமாக வாசியுங்கள்.

இந்த நான்கையும் தவிர இன்னொரு பிழை பற்றியும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மீள்குடியேறி வந்த குடும்பங்களுக்கு உதவி பிந்திக் கிடைத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திருத்தூதர் பணிகள் 6 இல் நடந்ததும் இதுதான்: கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை. அதற்கு எழுவரைத் தேர்ந்தார்கள். ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறைப்பாடு செய்த பக்கத்திலிருந்தே பொறுப்பாளரை எடுத்திருக்கிறார்கள் என்றுதான் அதைப் பலர் வாசிக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இடதுசாரிக் கட்சிக்கு வாக்களித்தால் நற்கருணை வாங்கக்கூடாது என்று அப்பம்மா சொல்வார். இன்னும் அப்படி உண்டா?
*வாசகி, வவுனியா*

அப்பம்மா கேட்டது பொய்யல்ல. 1949 யூலை 1 ஆம் திகதி வத்திக்கான் வெளியிட்ட ஆணைப்படி, கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்வதும் ஆதரிப்பதும் அதன் பத்திரிகையை வாசிப்பதும் தடை. தெரிந்தும் விரும்பியும் செய்பவருக்கு நற்கருணை போன்ற அருட்சாதனங்கள் இல்லை. கடவுளை மறுக்கும் பொருள்முதல்வாதத்தை ஏற்றுப் பரப்புபவர் சபைக்கு வெளியே.

1963 ஏப்ரலில் பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பர் தன் சுற்றுமடலில் ஒரு வேறுபாட்டைச் சொன்னார்: பிழையான தத்துவம் வேறு, அதிலிருந்து பிறந்த சமூக இயக்கம் வேறு, தத்துவம் எழுதப்பட்டபடியே நிற்கும், இயக்கம் காலத்தோடு மாறும், அதில் நல்லதும் இருக்கலாம். 1983 இன் திருச்சபைச் சட்டத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் பெயர் இல்லை. விசுவாசத்தை முழுதாகக் கைவிடுவதும், திருச்சபைக்கு எதிராகச் சதிசெய்யும் அமைப்பில் சேர்வதும் குற்றங்களாக இருக்கின்றன. வாக்களிப்பது அந்த இரண்டுக்குள்ளும் வராது. கட்சியில் உறுப்பினராவதென்றால் முதலில் அதன் யாப்பை வாங்கி, மதம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள்.

சோவியத்தில் கோயில்களை இடித்ததெல்லாம் அமெரிக்கப் பிரசாரம் என்கிறார் எங்கள் தோழர் ஒருவர்.
*வாசகர், மாங்குளம்*

பிரசாரம் அல்ல. மொஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயம் 1931 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1925 முதல் 1947 வரை போர்க்குணமிக்க நாத்திகர் சங்கம் அரசின் ஆதரவோடு இயங்கியது. மொஸ்கோவுக்கு அருகே பூத்தோவோவில் 1937, 1938 இல் சுடப்பட்ட இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஆயர்களும் குருக்களும் துறவிகளும் இருக்கிறார்கள். அல்பேனியா 1967 இல் எல்லா மதங்களையுமே தடைசெய்தது. 1990 வரை அப்படியே இருந்தது. இதை ஒத்துக்கொள்ளாத இடதுசாரி, விசுவாசிகளிடம் நம்பிக்கையை எதிர்பார்க்கக் கூடாது.

காரணத்தையும் தெரிந்திருக்க வேண்டும். 1721 முதல் 1917 வரை ரஷ்யத் திருச்சபை ஸார் அரசின் ஒரு திணைக்களமாகவே இருந்தது. மன்னனை எதிர்த்தவனுக்குக் கோயிலும் எதிரியாகத் தெரிந்தது. அது கொலைக்கு நியாயமாகாது. 1918 ஆணை அரசையும் கோயிலையும் பிரித்ததோடு நின்றிருந்தால் இன்று யாரும் குறைசொல்லமாட்டார்கள். அதே ஆணை கோயிலிடமிருந்து சொத்துரிமையையும் சட்ட ஆளுமையையும் எடுத்துக்கொண்டது. அங்கிருந்துதான் வழி பிசகியது. 1943 செப்டெம்பரில், போர் நடுவில், ஸ்டாலின் மூன்று பேராயர்களை அழைத்துப் பேசி ரஷ்யத் திருச்சபையின் தலைவரான மறைமுதுவரைத் தெரிவுசெய்ய இடம்கொடுத்தார். மக்களுக்குள் நம்பிக்கை சாகவில்லை என்பதை அந்த அரசே ஏற்றுக்கொண்ட நாள் அது.

விடுதலை இறையியல் என்பது சிலுவை போட்ட கம்யூனிசமா?
*வாசகர், செட்டிகுளம்*

இல்லை. 1968 இல் மெடலினில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் ஏழைகளின் பக்கத்திலிருந்து விவிலியத்தை வாசிக்கத் தொடங்கினார்கள். சிலர் வர்க்க ஆய்வை மார்க்ஸிடமிருந்து எடுத்தார்கள், நாத்திகத்தை எடுக்கவில்லை. ஆய்வையும் தத்துவத்தையும் அப்படிப் பிரிக்க முடியாது என்று 1984 இல் வத்திக்கான் எச்சரித்தது. 1986 இல் விடுதலை என்ற நோக்கத்தையே விரிவாக ஏற்று எழுதியது. எல் சல்வடோரில் பலிபீடத்தில் 1980 மார்ச் 24 இல் சுடப்பட்ட பேராயர் ரொமேரோவைக் கம்யூனிஸ்ட் என்று ஏசியவர்கள் இருந்தார்கள். 2018 இல் அவர் புனிதரானார். இலங்கையில் அலோசியஸ் பீரிஸ் அடிகள், ஆசியாவில் ஏழ்மையையும் பிற மதங்களையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று வாதிட்டார். திஸ்ஸ பாலசூரிய அடிகள் 1997 இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டது மார்க்சியத்துக்காக என்று பலர் நினைக்கிறார்கள். மரியாள், பிறப்புநிலைப் பாவம் போன்ற கோட்பாடுகளில்தான் தகராறு. அடுத்த ஆண்டே விலக்கு நீக்கப்பட்டது.

மகள் கத்தோலிக்கப் பிள்ளை. மாப்பிள்ளைப் பெடியன் சைவக் குடும்பம், ஆனால் தான் நாத்திகன் என்கிறார். நல்ல பிள்ளை. கோயிலில் கலியாணம் செய்யலாமா? பொய் சொல்லி ஞானஸ்நானம் எடுக்கச் சொல்கிறார்கள்.
*தாய் ஒருவர், முழங்காவில்*

அம்மா, அந்தப் பொய்யை மட்டும் சொல்ல வைக்காதீர்கள். தேவையே இல்லை. திருமுழுக்குப் பெறாதவரோடு கத்தோலிக்கர் திருமணம் செய்ய ஆயரின் விதிவிலக்கு வேண்டும். அது இல்லாமல் நடந்தால் திருமணம் செல்லாது. விண்ணப்பத்தைப் பங்குத்தந்தைதான் அனுப்புவார். குறைந்தது மூன்று மாதம் முன்பே அவரிடம் போங்கள். கடைசி வாரத்தில் ஓடுவதால்தான் பலருக்குச் சிக்கல் வருகிறது.

மகளின் புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ், உறுதிபூசுதல் விபரம், இருவரும் முன்பு மணமாகாதவர் என்ற அத்தாட்சி ஆகியவை வேண்டும். மகள் இரண்டு விடயம் சொல்லவேண்டும்: தன் விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் முடிந்ததைச் செய்வேன். மாப்பிள்ளை எந்த வாக்குறுதியும் கொடுக்கத் தேவையில்லை. மகள் இப்படி வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். இதை வீட்டில் இருவரும் மனம்விட்டுக் கதைக்கவேண்டும். பின்னாளில் சண்டை வருவது முதற் பிள்ளையின் திருமுழுக்கில்தான்.

விசாரணையில் அவர் உண்மையைச் சொல்லலாம். கடவுளை நம்பாதது திருமணத்தைச் செல்லாததாக்காது. பிரியலாம், பிள்ளை வேண்டாம், ஒருத்திக்கு உண்மையாக இருக்கத் தேவையில்லை என்ற எண்ணத்தோடு சம்மதம் சொன்னால்தான் அது செல்லாது. சடங்கு திருப்பலி இல்லாமல் இறைவாக்கு வழிபாடாக நடக்கும். பதிவாளருக்கான அறிவித்தலையும் அதேவேளை கொடுத்துவிடுங்கள்.

மாப்பிள்ளை கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்று, பிறகு வெளிப்படையாக விசுவாசத்தைக் கைவிட்டவர் என்றால் விதி வேறு: விதிவிலக்குக்குப் பதிலாக ஆயரின் அனுமதி வேண்டும், வாக்குறுதி அதேதான்.

அப்பா இடதுசாரி, கோயிலுக்குப் போனதில்லை. இறந்தால் கோயிலில் அடக்கம் செய்வார்களா? எரிக்கலாமா?
*வாசகர், துணுக்காய்*

கோயிலுக்குப் போகாததும் கட்சியில் இருந்ததும் மறுப்புக்குக் காரணமாகாது. பகிரங்கமாக விசுவாசத்தைத் துறந்து, மனமாற்றத்தின் எந்த அடையாளமும் காட்டாதவருக்கே திருச்சபை மறுக்கும். சந்தேகம் இருந்தால் ஆயர் முடிவுசெய்வார். எரிப்பதற்கு 1963 முதல் அனுமதி உண்டு. ஆனால் அப்பா உயிரோடு இருக்கிறார்; அவருக்கு என்ன விருப்பம் என்று அவரையே கேளுங்கள். வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன நாத்திகரை, ஊர் என்ன சொல்லும் என்று பயந்து குருவானவரிடம் கொண்டுபோவது அவருக்கும் மரியாதையில்லை, கோயிலுக்கும் மரியாதையில்லை.

நீதிமன்றத்தில் நாத்திகர் எதன்மேல் சத்தியம் செய்வது?
*வாசகர், நெடுங்கேணி*

சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி கொடுக்கலாம். இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே வலு, பொய் சொன்னால் ஒரே தண்டனை. மன்றில் கேட்டவுடனே சொல்லிவிடுங்கள். அரசியல் யாப்பின் 10 ஆம் உறுப்புரை தரும் சிந்தனை, மனச்சாட்சிச் சுதந்திரம் நம்பாதவருக்கும் உரியது.

எங்கள் காணி மீட்புக் குழுவில் பங்குச்சபை ஆட்கள், சைவ ஆட்கள், கட்சித் தோழர்கள் எல்லோரும் இருக்கிறோம். கூட்டத்தைச் செபத்தோடு தொடங்கவேண்டும் என்றதற்கு இரண்டு தோழர்கள் எழும்பிப் போய்விட்டார்கள்.
*வாசகர், ஒட்டுசுட்டான்*

லெனின் 1909 இல் இதற்குக் கிட்டிய ஓர் உதாரணத்தைக் காட்டுகிறார். ஓர் ஊரில் வேலைநிறுத்தம். தொழிலாளரில் சிலர் நாத்திகர், சிலர் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். அந்த வேளையில் நாத்திகப் பிரசாரம் செய்கிறவன் பாதிரிமாருக்கும் முதலாளிகளுக்கும்தான் உதவுகிறான் என்கிறார். எழும்பிப்போன தோழர்களுக்கு அதைக் காட்டுங்கள். பங்குச்சபைக்கு 1965 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னதைக் காட்டுங்கள்: நாத்திகம் பிறந்ததில் விசுவாசிகளுக்கும் பங்கு உண்டு; நம்புகிறவரும் நம்பாதவரும் தாம் சேர்ந்து வாழும் இந்த உலகைச் சரியாகக் கட்டியெழுப்ப உழைக்கவேண்டும்.

செபிக்க விரும்புவோர் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முந்தி வந்து செபிக்கட்டும். கூட்டம் ஒரு நிமிட மௌனத்தோடு தொடங்கட்டும், அதற்குள் அவரவர் விரும்பியதை நினைக்கலாம். கோயில் மண்டபத்திலேயே எப்போதும் கூடாமல், ஒருமுறை அங்கே, மறுமுறை பொதுநோக்கு மண்டபத்தில் கூடுங்கள். பதாகையிலும் கடிதத் தலைப்பிலும் சிலுவையும் வேண்டாம், அரிவாள் சுத்தியலும் வேண்டாம். பிரதேச செயலகத்துக்குப் போகும் கடிதம் குழுவின் பெயரில் போகட்டும். உறுதி, அனுமதிப்பத்திரம், இடம்பெயர்வுப் பதிவு ஆகியவற்றின் பிரதிகளை இரண்டு கட்டாக எடுத்து, ஒன்றைப் பங்குச்சபை ஆளிடமும் மற்றதைத் தோழர் ஒருவரிடமும் வையுங்கள். குழுவின் பெயரால் யாரும் மதம் பரப்பக்கூடாது, வாக்குக் கேட்கக்கூடாது என்பதை முதற் கூட்டக் குறிப்பிலேயே எழுதி, எல்லோரும் கையொப்பமிடுங்கள். தேர்தல் அறிவிக்கப்பட்ட பிறகு அதை எழுத முயன்றால் யாரும் கையொப்பமிடமாட்டார்கள்.